ஒரே மென்பொருள், இரண்டு மருத்துவமனைகள்: மருத்துவத்துக்குள் கணினி நுழைவது ஏன் கடினமாக இருக்கிறது?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனை 2002-ல் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. மருந்தையும் பரிசோதனைகளையும் காகிதத்தில் எழுதித் தருவதை நிறுத்திவிட்டு, மருத்துவர்கள் நேரடியாகக் கணினியில் பதிவுசெய்ய ஆரம்பித்தார்கள். கையெழுத்து புரியாமல் நடக்கும் தவறுகள் இனி இருக்காது என்ற நல்ல எண்ணம்தான் காரணம். வேறு மருத்துவமனைகளிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் கணக்கை அங்கிருந்த மருத்துவர்களே பிறகு எடுத்துப் பார்த்தார்கள். மாற்றத்துக்கு முன் அந்தக் குழந்தைகளில் 2.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மாற்றத்துக்குப் பின் அது 6.57 சதவீதம்.

இந்தக் கணக்கு 2005 டிசம்பரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே சியாட்டில் நகரின் குழந்தைகள் மருத்துவமனை தன் கணக்கை வெளியிட்டது. அங்கேயும் அதே மென்பொருள்தான். ஆனால் இறப்பு கூடவில்லை.

மருத்துவத்தில் டிஜிட்டல் தொழில்நுட்பத்தைக் கொண்டுவருவதில் என்ன சிக்கல் என்று யாராவது கேட்டால், நான் முதலில் இந்த இரண்டு மருத்துவமனைகளைத்தான் சொல்வேன். பிட்ஸ்பர்க் மரணங்களுக்கு மென்பொருள் மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே என்னென்ன மாறியது என்று அந்த மருத்துவர்கள் எழுதிவைத்ததைப் படித்தால் நிறைய புரியும்.

பழைய முறையில், குழந்தையை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கும்போதே தகவல் வந்துவிடும். என்னென்ன மருந்து வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி, தயாராக வைத்துவிடுவார்கள். புதிய முறையில், குழந்தை உள்ளே வந்து, பெயர் பதிவான பிறகுதான் கணினி எந்த உத்தரவையும் ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் சில நொடிகளில் எழுதக்கூடிய ஒரு மருந்துக்குக் கணினியில் ஒன்றிரண்டு நிமிடம் ஆனது. தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மருந்துகள் மைய மருந்தகத்துக்குப் போய்விட்டன. படுக்கையருகே நின்று குழந்தையைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கணினி முன்னால் போய் உட்கார வேண்டியதாயிற்று. இதெல்லாம் போதாதென்று, மருத்துவமனை முழுவதும் ஆறே நாளில் புதிய முறைக்கு மாறியது.

சியாட்டிலில், தீவிர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி தேவைப்படும் மருந்துத் தொகுப்புகளை முன்பே கணினியில் தயாரித்து வைத்திருந்தார்கள். இந்த நிலையில் உள்ள குழந்தைக்கு இவை வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் போதும், ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. சின்ன ஏற்பாடுதான். ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் அப்படியொரு ஏற்பாடு தோன்றும்.

நான் சொல்லவருவது இதுதான். மருத்துவமனையில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி எங்கும் எழுதப்படாதது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் மருந்தை எடுத்துவைப்பது எந்த விதிப் புத்தகத்திலும் இருந்திருக்காது. கணினிக்கு, எழுதிக் கொடுத்தது மட்டுமே தெரியும்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்?

மருத்துவத்தில் டிஜிட்டல் என்றால் பலருக்கும் வீடியோ அழைப்பில் டாக்டரைப் பார்ப்பதுதான் நினைவுக்கு வரும். அது ஒரு பகுதிதான். நோயாளியின் வரலாற்றைக் கணினியில் வைக்கும் மின்னணு மருத்துவப் பதிவு, மருந்துச் சீட்டை மருந்தகத்துக்கு நேரடியாக அனுப்பும் முறை, ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் சர்வர், படுக்கையருகே பீப் பீப் என்று ஒலிக்கும் கருவிகள், கையில் கட்டும் கடிகாரம், படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு எல்லாமே இதில் அடக்கம்.

காகிதத்தின் குறைகள் எல்லோருக்கும் தெரியும். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும், தொலைந்துபோகும், எழுத்து புரியாது. இவற்றைக் கணினி உண்மையிலேயே தீர்க்கிறது. அதனால் காகிதத்துக்கே திரும்பிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காகிதம் சத்தமில்லாமல் செய்துவந்த சில வேலைகளும் உண்டு. கட்டில் காலில் தொங்கும் கேஸ் ஷீட்டை யார் வேண்டுமானாலும் ஒரு பார்வையில் படிக்கலாம். சந்தேகமான எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடலாம், ஓரத்தில் கேள்விக்குறி இடலாம். மென்பொருளின் பெட்டியிலோ எண் மட்டும்தான் நுழையும், சந்தேகம் நுழையாது. அந்த ஓரக்குறிப்புக்கு இடம் வைக்காத மென்பொருள், அதைப் பார்த்து அடுத்த ஷிப்ட் நர்ஸுக்கு வந்திருக்கக்கூடிய எச்சரிக்கை உணர்வையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

ஒரே உடம்பு, பல மொழிகள்

ஒரு மருத்துவமனையில் சேமித்த தகவலை இன்னொரு மருத்துவமனை படிக்க முடியுமா? மின்னஞ்சல் எங்கிருந்தும் எங்கும் போகிறது, பணம் நொடியில் போகிறது, இது மட்டும் ஏன் போகாது என்று தோன்றும். நியாயமான கேள்விதான்.

ரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் அதை மில்லிகிராம் கணக்கில் சொல்வார்கள், சில நாடுகளில் மில்லிமோல் கணக்கில். ஒருவரின் சர்க்கரை அளவு முதல் கணக்கில் 90 என்றால் இரண்டாவது கணக்கில் 5. இரண்டும் ஒரே ரத்தம், இரண்டும் இயல்பான அளவு. ஆனால் அலகு தொலைந்துபோய் 5 என்ற எண் மட்டும் அடுத்த கணினிக்குப் போய், அது அதை மில்லிகிராம் என்று படித்தால், அது உயிர் போகும் நிலை. எண்களிலேயே இவ்வளவு சிக்கல் என்றால், சொற்களில் இன்னும் அதிகம். மருத்துவர்கள் எழுதும் ‘எம்.ஐ.’ என்ற சுருக்கம் பெரும்பாலும் மாரடைப்பைக் குறிக்கும். இதய வால்வில் ஏற்படும் கசிவையும் சிலர் அப்படியே எழுதுவது உண்டு. பக்கத்தில் நிற்கும் மனிதருக்கு எது என்று புரிந்துவிடும். கணினி அதை ஊகிக்கக் கூடாது.

இதற்காகத்தான் பொது மொழிகளை உருவாக்கினார்கள். ஸ்கேன் படங்களுக்கான ‘டைகாம்’ என்ற தரம் 1993-ல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. எந்த நிறுவனத்தின் கருவியில் எடுத்த சி.டி. ஸ்கேனையும் வேறொரு நிறுவனத்தின் கணினியில் திறந்து பார்க்க முடிகிறது என்றால் அதற்கு இதுதான் காரணம். இந்தத் துறையின் அமைதியான பெரிய வெற்றி இது என்பேன். மற்ற மருத்துவத் தகவல்களுக்காக 1987-ல் ‘எச்.எல்.7’ அமைப்பு தொடங்கியது. அது 2010-களில் உருவாக்கிய ‘ஃபயர்’ என்ற தரத்தைத்தான் இப்போது பல நாடுகளும் பின்பற்ற முயல்கின்றன. ஸ்கேன் படத்துக்கு எளிதாக அமைந்தது நோயாளியின் கதைக்கு அவ்வளவு எளிதாக அமையவில்லை. படம் என்பது புள்ளிகளின் தொகுப்பு. ‘மூன்று நாளாகவே ஒரு மாதிரி இருக்கிறது’ என்று நோயாளி சொல்வதை எந்தப் பெட்டியில் போடுவது?

அப்புறம் ஆள் அடையாளம். ஹூஸ்டன் பகுதியின் பொது மருத்துவமனைகளின் பதிவேட்டில் மரியா கார்சியா என்ற பெயரில் மட்டும் 2,488 பேர் இருந்தார்கள். அவர்களில் 231 பேருக்குப் பிறந்த தேதியும் இன்னொருவருடையதோடு ஒத்துப்போனது. ஒருவரின் பென்சிலின் ஒவ்வாமை இன்னொருவரின் பதிவில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொழில்நுட்பத் தடைகளோடு மனத்தடையும் உண்டு. நோயாளியின் தகவல் எளிதில் வெளியே போய்விட்டால் நோயாளியும் வெளியே போய்விடுவார் என்று மருத்துவமனையும், மருத்துவமனையே வேறு மென்பொருளுக்கு மாறிவிடும் என்று மென்பொருள் நிறுவனமும் நினைத்தால் கதவு திறக்காது. தகவலை இப்படி அடைத்துவைப்பதைத் தடைசெய்ய அமெரிக்காவில் 2016-ல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

முப்பத்தெட்டரை மாத்திரைகள்

நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் சம்பவம் இது. 2013-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் 16 வயதுப் பையன் ஒருவன் சேர்க்கப்பட்டிருந்தான். தொற்று வராமல் இருக்க அவன் வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையையே அங்கும் கொடுக்க வேண்டும். அது 160 மில்லிகிராம், வேளைக்கு ஒரு மாத்திரை.

பையனின் எடை 38.6 கிலோ. 40 கிலோவுக்குக் குறைவானவர்களுக்கு எடையை வைத்துத்தான் மருந்தளவு எழுத வேண்டும் என்பது அந்த மருத்துவமனையின் பாதுகாப்பு விதி. அதன்படி மருத்துவர் எழுதினார், கணக்கு 193 மில்லிகிராம் என்று வந்தது. அப்படியொரு மாத்திரை கிடையாது. 160 என்று திருத்தி எழுதுங்கள் என்று மருந்தாளுநர் கேட்டுக்கொண்டார். மருத்துவரும் 160 என்று தட்டினார். ஆனால் திரையில் அலகு ‘ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம்’ என்றே இருந்தது. கணினி 160-ஐ 38.6-ஆல் பெருக்கியது. முப்பத்தெட்டரை மாத்திரை.

எச்சரிக்கை வரவில்லையா? வந்தது. மருத்துவருக்கும் வந்தது, மருந்தாளுநருக்கும் வந்தது. இருவரும் அதைக் கடந்துபோனார்கள். ஏனென்றால் அப்படிப்பட்ட எச்சரிக்கைகள் நாளெல்லாம் வந்துகொண்டே இருந்தன, பெரும்பாலானவற்றில் பொருளில்லை. மருந்தகத்தின் ரோபோ முப்பத்தெட்டரை மாத்திரையைத் துல்லியமாக எண்ணிப் பொட்டலம் போட்டது. நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது. பார்கோடை ஸ்கேன் செய்து பார்த்தார். சரியான அளவு என்று கணினி சொன்னது. பையன் அத்தனையையும் விழுங்கினான். அன்றிரவு அவனுக்கு வலிப்பு வந்தது, மூச்சு நின்றது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான்.

இதில் யாரும் சோம்பேறி கிடையாது, யாரும் அக்கறையற்றவரும் கிடையாது. ஒவ்வொருவரும் அடுத்த கட்டத்தில் இருக்கும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். ஒரு நர்ஸ் முப்பத்தெட்டரை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, தன் சந்தேகத்தைவிடக் கணினியின் பதிலை நம்பினார் என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் இடம். தன் கண்ணை நம்பாமல் திரையை நம்பும் பழக்கம் ஒரே நாளில் வருவதில்லை. அமைப்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிடுகிறது.

அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ஐந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 31 நாள் படுக்கையருகே இருந்த கருவிகள் எழுப்பிய எச்சரிக்கைகளை எண்ணி 2014-ல் வெளியிட்டார்கள். 461 நோயாளிகளுக்கு 25 லட்சத்துக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள். காதில் விழுந்தவை மட்டும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 187. இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று வந்த எச்சரிக்கைகளில் ஆராயப்பட்டவற்றில் சுமார் 89 சதவீதம் தவறானவை. இவ்வளவு சத்தத்துக்கு நடுவே உண்மையான ஒன்று எப்படிக் காதில் விழும்?

எச்சரிக்கை ஒரு பக்கம் என்றால், தட்டச்சு இன்னொரு பக்கம். நோயாளியோடு ஒரு மணி நேரம் செலவிட்டால் கணினிக்கும் மேசை வேலைக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போகிறது என்று அமெரிக்க மருத்துவர்களிடம் நடந்து 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. டாக்டர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை என்று நோயாளிகள் வருத்தப்படுவதன் பின்னணி இதுதான். புதிய முறை வந்ததும் மருத்துவர்கள் முரண்டு பிடிக்கிறார்கள் என்று பேசப்படும்போது, இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும். 2003-ல் லாஸ் ஏஞ்சலிஸின் பெரிய மருத்துவமனை ஒன்று புதிய கணினி முறையைத் தொடங்கிச் சில மாதங்களிலேயே, மருத்துவர்களின் எதிர்ப்பால் நிறுத்திவைத்தது. அவர்கள் வேகம் குறைகிறது என்று புகார் செய்தார்கள். அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆய்வகத்தில் வென்றது, கிளினிக்கில் தடுமாறியது

சர்க்கரை நோய் முற்றினால் விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை போகலாம். விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்தால் முன்பே கண்டுபிடித்துவிடலாம், ஆனால் அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்த நிபுணர்கள் குறைவு. கூகுள் இதற்காக உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு, சோதனைகளில் நிபுணர்களுக்கு இணையாகச் செயல்பட்டது. பிறகு அதைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2020-ல் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்கள். அதற்காக அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு.

நர்ஸுகள் எடுத்த படங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றைத் தெளிவில்லை என்று கணினி நிராகரித்தது. அறையை முழுதாக இருட்டாக்கினால்தான் படம் நன்றாக வரும், ஆனால் பல கிளினிக்குகளில் அந்த அறையில்தான் மற்ற வேலைகளும் நடந்தன. நிராகரிக்கப்பட்ட நோயாளியை இன்னொரு நாள் நிபுணரிடம் போகச் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்தாலே இவருக்குப் பிரச்சினை இல்லை என்று நர்ஸுக்குத் தெரியும், ஆனாலும் அனுப்பியாக வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நெடுந்தூரம் போக வேண்டியவருக்கு அது சாதாரண விஷயமா? இணையம் மெதுவாக இருந்த இடங்களில் ஒவ்வொரு படமும் ஏறுவதற்குள் வரிசை நீண்டது.

கணிப்பு சரியா தவறா என்பது ஒரு கேள்வி. அந்தக் கணிப்பு எந்த அறையில், எந்த வேகத்தில், யார் கையில் நடக்கப்போகிறது என்பது இன்னொரு கேள்வி. பெரும்பாலும் முதல் கேள்விக்குத்தான் பரிசோதனை நடக்கிறது.

மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது: இந்த இயந்திரம் எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது? யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணிக்க அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு மென்பொருளை 2019-ல் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அது நோயின் அளவைக் கணிக்கவில்லை, மருத்துவச் செலவைக் கணித்தது. அதிகம் செலவானால் அதிக நோய் என்று வைத்துக்கொண்டது. ஆனால் மருத்துவ வசதி எட்டாதவர்களுக்குச் செலவு குறைவாகத்தான் இருக்கும். கறுப்பின நோயாளிகள் அதே மதிப்பெண் பெற்ற வெள்ளையரைவிட அதிகம் நோயுற்றிருந்தும், கூடுதல் கவனிப்புக்கான பட்டியலில் இடம் கிடைக்காமல் போனது இப்படித்தான். நிரலை எழுதியவர் யாரும் நிறத்தை உள்ளே போடவில்லை. அது செலவு என்ற பெயரில் வந்து சேர்ந்தது.

விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரிலும் இதே பாடம் கிடைத்தது. கருமையான தோலில் அது ஆக்ஸிஜனை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு அதிகம் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. கோவிட் காலத்தில் யாருக்குப் படுக்கை கொடுப்பது என்று அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுத்த இடங்கள் ஏராளம்.

பூட்டும் நம்பிக்கையும்

2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியது. கணினியில் உள்ளதையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் நச்சு நிரல் அது. இங்கிலாந்தின் பொது மருத்துவ அமைப்பில் 236 நிர்வாகப் பிரிவுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது.

அப்படியானால் ஏன் போடவில்லை என்று கோபம் வருகிறது அல்லவா? மருத்துவமனையில் அது நம் கைப்பேசியை அப்டேட் செய்வதைப் போன்றது கிடையாது. ஓர் எம்.ஆர்.ஐ. கருவி பத்து வருடத்துக்கும் மேல் ஓடும். அதற்குள் இருக்கும் கணினியின் இயங்குதளம் அதற்குள் காலாவதியாகிவிடும். தயாரித்தவர் சோதித்து ஒப்புதல் தராமல் அதில் கைவைக்கக் கூடாது. கை வைக்கலாம் என்றாலும், எந்த நேரத்தில் அணைப்பது? தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது.

பணத்தைவிட ஆழமாகக் காயப்படுத்தும் திருட்டும் உண்டு. ஃபின்லாந்தில் மனநல சிகிச்சை மையங்களை நடத்திய ஒரு நிறுவனத்திலிருந்து 30,000-க்கும் அதிகமானோரின் பதிவுகள் திருடப்பட்டன. ஆலோசகரிடம் மனம் திறந்து சொன்னதெல்லாம் அதில் இருந்தது. 2020 அக்டோபரில், 200 யூரோ கொடு, இல்லாவிட்டால் வெளியிட்டுவிடுவேன் என்று நோயாளிகளுக்கே தனித்தனியாக மிரட்டல் வந்தது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். யாரிடமும் சொல்லாத ஒரு துயரம் வெளியே போனால் எதை மாற்றுவது?

பெயரை நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைப் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு என்ற மூன்றை மட்டும் வைத்தே தனியாக அடையாளம் காணக்கூடும் என்று கணினி ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000-ல் கணக்கிட்டுக் காட்டினார்.

இந்த விஷயத்தில் எஸ்தோனியா செய்த ஒன்று எனக்குப் பிடிக்கும். 2008-லிருந்து அங்கே நாடு முழுவதற்குமான மின்னணு மருத்துவப் பதிவு இருக்கிறது. தன் பதிவை யார், எப்போது திறந்து பார்த்தார்கள் என்று நோயாளியே பார்க்கலாம். சம்பந்தமில்லாத ஒருவர் எட்டிப் பார்த்திருந்தால் கேள்வி கேட்கலாம். வேண்டாமென்றால் தன் பதிவை மற்றவர் பார்க்காதபடி மூடியும் வைக்கலாம். நம்புங்கள் என்று சொல்வதைவிட, நீங்களே சரிபாருங்கள் என்று சாவியைக் கையில் கொடுப்பது எவ்வளவோ மேல்.

யாருக்கு எட்டும், யார் முடிவெடுப்பது

உலகில் சுமார் 260 கோடி பேர் இணையத்துக்கு வெளியே இருப்பதாக 2023-ல் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு கணக்கிட்டது. அதிகம் நோயுறும் முதியவர்களும் ஏழைகளும் இதில்தான் அதிகம். ஆப்பில் மட்டும்தான் முன்பதிவு என்று ஆக்கும்போது, அதிகத் தேவை உள்ளவரைத்தான் முதலில் வெளியே நிறுத்துகிறோம். தொலைபேசியை எடுத்துப் பேச ஒரு மனிதர் இருக்கட்டும்.

பணம் நிறைய ஆகும், ஆனால் பணம் மட்டும் போதாது. இங்கிலாந்து 2002-ல் நாடு முழுவதற்குமான ஒரு பெரிய மருத்துவக் கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எந்த மென்பொருள் என்பதை மேலிருந்து முடிவெடுத்தார்கள், அதை வைத்து வேலை செய்ய வேண்டியவர்கள் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். 2011-ல் திட்டம் கலைக்கப்பட்டது. ஆன செலவு ஏறத்தாழ 1,000 கோடி பவுண்ட்.

பிட்ஸ்பர்க் கதைக்கு ஒரு பின்தொடர்ச்சி உண்டு. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவமனை இதே வகைக் கணினி முறையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு இறப்பு விகிதம் 20 சதவீதம் குறைந்தது என்று 2010-ல் அறிவித்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் பிட்ஸ்பர்க்கின் அனுபவம் எல்லோர் கைக்கும் கிடைத்திருந்தது, ஏனென்றால் அந்த மருத்துவர்கள் தங்கள் மருத்துவமனைக்கே அவப்பெயர் தரக்கூடிய எண்ணை மறைக்காமல் அச்சிட்டார்கள். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. மென்பொருளின் திரையைப் படம்பிடித்து வெளியே காட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்ட நிறுவனங்கள் இருந்தன. 2020-ல் அமெரிக்கா கொண்டுவந்த விதி இதில் குறுக்கிட்டது. இன்று அங்கே ஒரு நர்ஸ், ஆபத்தான ஒரு திரையைக் காட்டி, இந்த இடத்தில்தான் நாங்கள் எல்லோரும் அலகைத் தவறவிடுகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னால், ஒப்பந்தத்தைக் காட்டி அவர் வாயை அடைக்க முடியாது.